மொட்டைத் தலையில் இறங்கிய கண்ணூறு

கனடாவில், வோபர்ன் பகுதியில், முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு இடத்தில்தான் தமிழ்ச்சனம் வரிசையில் நிற்கும். ஒன்று, சாமி கும்பிடுகிற இடம். மற்றது, கோழியை மலிவாகப் போட்டிருக்கிற கடை. தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடையில் மூன்றாவதாக ஒரு வரிசை முளைத்தது. மாக்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற் வாசலில் தொடங்கி, கராஜைச் சுற்றி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவனின் ரோசாச் செடிவரை அது நீண்டது. ஆண்கள் எல்லாருக்கும் தலையில் தொப்பி. பெண்கள் எல்லாருக்கும் தலையில் சால்வை. கிழவன் முதல் வாரம் இது ஏதோ செத்தவீடு என்று நினைத்து, தன் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தான். பதிலுக்கு வரிசையில் ஒருவரும் தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றுகிற நிலைமையில் ஒருவரும் இல்லை.

உள்ளே இருந்தவர் கேசாமிர்த சுவாமிகள். உதிர்ந்த தலைமயிரை முளைக்கப் பண்ணுவார். முகம் கறுத்தவர்களை வெளுக்கவும் பண்ணுவார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பெயர் சிவபாதம், தொழில் கார்ப்பெற் கழுவுவது. கார்ப்பெற்றில் ஒரு கரைச்சல் உண்டு: அழுக்குப் போனதா இல்லையா என்று வீட்டுக்காரி குனிந்து பார்த்துவிடுவாள். மனிதத் தலையில் அந்தக் கரைச்சல் இல்லை. தன் உச்சந்தலையைத் தானே குனிந்து பார்க்கிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. சிவபாதம் தொழிலை மாற்றிக்கொண்டார்.

அவருக்கு ஒரு முதலும் இருந்தது. தோள்வரை விழுகிற, கருகருவென்ற தலைமயிர். ஒரு தரம் அதை உதறினால் போதும், கீழே இருக்கிற மொட்டைகளுக்குக் கண் கலங்கும். சமயபேதம் பார்க்கமாட்டார். சுவரில் வேலும் இருந்தது, சிலுவையும் இருந்தது. காசுப்பெட்டி மட்டும் ஒன்றுதான். தமிழ் வானொலியில் நாளுக்கு நாலு தரம் விளம்பரம் போனது: "உங்கள் தலைமயிர் உங்களை விட்டுப் போகிறதா? கலங்காதீர்கள். கூப்பிட்டால் வரும். கூப்பிடத் தெரிந்தவர் கேசாமிர்த சுவாமிகள்."

எங்கள் சனம் காசில் கண்ணானது. பஸ் காசை மிச்சம் பிடிக்கப் பனியில் நாலு தரிப்பிடம் நடக்கும். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றால் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடும். றெஸ்ரோறன்றில் சட்டி கழுவிக் கழுவி விரல் வெடித்த பெண், அந்த விரலுக்கு ஒரு சதத்துக்குக் களிம்பு வாங்கமாட்டாள். முகம் வெளுக்க அந்தக் கிழமைச் சம்பளத்தையே கொடுப்பாள். பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்றால் பிள்ளைக்கு ஒரு அலங்காரம், தாய்க்கு ஒன்று, தாயின் சகோதரிகளுக்கு ஆளுக்கொன்று. வீடியோக்காரன் விளக்கைப் போட்டதும் எல்லாரும் ஒரே நிறத்தில் தெரிவார்கள். மாவில் புரட்டிய மீன் மாதிரி.

இந்த வரிசையில் ஒருவன் பஸ்ரியன். வயது முப்பத்துநாலு. காருக்குப் பம்பர் வார்க்கிற தொழிற்சாலையில் வேலை. உருகிய பிளாஸ்டிக்கின் சூட்டுக்கு முன் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்பான். எந்த வேலைக்கும் பின்நிற்காதவன். அவனுக்கு ஒரேயொரு பயம்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பெயர் கொறற்றி.

கொறற்றி அவனுக்குப் பேசி ஒழுங்காக்கிய பெண். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. இடம்பெயர்ந்து வந்து, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறையில் தாயோடு இருந்தாள். அவளுக்குப் பஸ்ரியன் அனுப்பிய படம் எண்பத்தெட்டில் எடுத்தது. அதில் அவனுக்கு இருந்த தலைமயிரை மூன்று பேருக்குப் பங்கு போடலாம். இது அவன் மட்டும் செய்த திருவிளையாடல் இல்லை. பாஸ்போட்காரன் ஆறு மாதத்துக்குள் எடுத்த படம்தான் வேண்டும் என்பான். பெண்வீட்டார் அப்படிக் கேட்பதில்லை என்பதால், எங்கள் மாப்பிள்ளைமார் இருக்கிற படத்துக்குள் மிகப் பழையதைத் தேடியெடுத்து அனுப்புவார்கள். வயிறும் வழுக்கையும் பிறகு பிளேனால் இறங்கி வருகிறவளுக்குச் சீதனம்.

அவள் வருவதற்குள் தலையை எண்பத்தெட்டுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று பஸ்ரியன் செய்யாத வேலை இல்லை. மருந்துக்கடையில் கிடைத்த தைலமெல்லாம் பூசினான். தொலைக்காட்சியில் காட்டிய, புட்டியிலிருந்து விசிறுகிற கறுப்பு மயிரை வாங்கினான். கண்ணாடியில் அது நன்றாகத்தான் இருந்தது. தொழிற்சாலைச் சூட்டில் உருகி, காதோரம் இரண்டு கறுப்பு ஆறாக இறங்கியது. வார்ப்பு மெசினில் இருந்துதான் எண்ணெய் ஒழுகுகிறது என்று சுப்பவைசர் மெசினை நிறுத்திவிட்டார்.

அன்று பக்கத்து மெசினில் நின்ற மகேஸ்வரன்தான் வழி காட்டினார். அவருக்கும் தலையில் மிச்சம் கொஞ்சம்தான். அதை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் பாலம் மாதிரிப் போட்டிருப்பார்.

"உந்தச் சாமானெல்லாம் வெள்ளைக்காரன்ரை தலைக்குச் செய்தது, பஸ்ரியன். எங்கடை தலைக்கு எங்கடை வைத்தியம்தான் சரி. ஒருக்கால் சுவாமியிட்டை வா."

"உங்களுக்கு முளைச்சதே, அண்ணை?"

"முளைக்கேல்லை. ஆனால் முளைக்கப்போற மாதிரி ஒரு கடி கடிக்குது."

பஸ்ரியன் போனான். சுவாமிகள் அவன் தொப்பியைக் கழற்றி, உச்சியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"எப்ப இருந்து கொட்டுது?"

"இஞ்சை வந்தாப் பிறகு, சுவாமி."

"அதுதானே பார்த்தன். நீ கனடா வந்தது ஊரிலை ஆருக்கோ பொறுக்கேல்லை. கண்ணூறு. தலையிலை விழுந்து, தோலுக்குள்ளை இரத்தமாய்க் கட்டி நிக்குது. பிறகு மயிர் எப்பிடி முளைக்கும்?"

பஸ்ரியன் மனதுக்குள் உடனே எதிரிகளைத் தேடத் தொடங்கினான். முதலில் அகப்பட்டவர் சின்னம்மா. உதவி கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்கு அவன் பதில் போடவில்லை.

சுவாமிகள் ஒரு மரக்கரண்டியால் மஞ்சள் நிறக் களிம்பை அள்ளி அவன் தலையில் அப்பினார். மஞ்சளும் சந்தனமும் இன்னும் பல மூலிகையும் என்றார். கொஞ்சம் காய விட்டார். பிறகு வெள்ளைத் துணியொன்றைப் பித்தளைச் செம்பில் இருந்த தீர்த்தத்தில் நனைத்துத் தலையைத் துடைத்தார். துணியைத் தூக்கிக் காட்டினார்.

துணி இரத்தச் சிவப்பாக இருந்தது.

பேஸ்மென்ற் முழுக்க மூச்சை இழுத்தது. முன்வரிசையில் இருந்த யோகராணி, முகம் வெளுக்க வந்தவள், கைகூப்பினாள். பஸ்ரியன் துணியையே பார்த்தான். தன் தலைக்குள் இவ்வளவு கண்ணூறு குடியிருந்ததா என்று தன்மீதே இரக்கம் வந்தது. கொஞ்சம் பெருமையும் வந்தது. இவ்வளவு பேர் எரிச்சல்படுகிற மாதிரி அல்லவா தான் வாழ்கிறான்.

"துணி எண்டைக்கு வெள்ளையாய் வருதோ, அண்டைக்கு மயிர் முளைக்கும்," என்றார் சுவாமிகள். சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு வரை தலை கழுவக்கூடாது என்று திரும்பவும் களிம்பை அப்பி அனுப்பினார். அப்பி அனுப்புகிற தலை எப்படி அடுத்த ஞாயிறு வெள்ளையாய்த் துடைபடும் என்று பேஸ்மென்ற்றில் ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்க ஆளில்லாமல் இல்லை. ஊரில் கணக்குப் படிப்பித்தவர் இருந்தார். வரிப்பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறவர் இருந்தார். எல்லாரும் தங்கள் முறை எப்போது வரும் என்பதை மட்டும் யோசித்தார்கள்.

அந்தக் கிழமை தொழிற்சாலையில், பஸ்ரியனின் கழுத்தால் மஞ்சள் வியர்வை இறங்கியதைச் சுப்பவைசர் கண்டார். மஞ்சள் காமாலை என்று நினைத்து இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். சம்பளமில்லாத விடுமுறை. கண்ணூறு எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இது இன்னொரு சாட்சி என்று மகேஸ்வரன் சொன்னார்.

இப்படி ஞாயிறு ஞாயிறாகத் துணி சிவந்துகொண்டிருக்கையில் கொறற்றியின் விசா எதிர்பாராமல் வந்துவிட்டது. இமிகிரேசன் சட்டப்படி, வந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் திரும்பிப்போக வேண்டும். பஸ்ரியன் சுவாமிகளிடம் ஓடினான்.

"கலியாணத்துக்கு முன்னம் முளைக்க வேணும், சுவாமி."

சுவாமிகள் யோசித்தார். "அப்ப முளைப்புப் பூசைதான் செய்யவேணும். செலவு கொஞ்சம் கூட."

அவர் சொன்ன தொகை பஸ்ரியனிடம் இருந்தது. இருந்தது என்றால், வேறொன்றுக்காக இருந்தது. கொறற்றியின் தாய்க்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, சோற்றைத் தடவித் தடவிச் சாப்பிடுகிற நிலை. ஓப்பரேசனுக்குத் தான் காசு அனுப்புவதாகப் பஸ்ரியன் தொலைபேசியில் சத்தியம் பண்ணியிருந்தான். அந்த வாக்கை நம்பித்தான் கொறற்றி தாயைத் தனியே விட்டுப் பிளேன் ஏறச் சம்மதித்தாள்.

கிழவியின் கண் இன்னும் ஒரு மாதம் பொறுக்கும், தன் தலை பொறுக்காது என்று பஸ்ரியன் கணக்குப் போட்டான். காசு சுவாமிகளின் பெட்டிக்குள் போனது.

ஆடி மாத வெயிலில், விமான நிலையத்தில், பனிக்காலக் கம்பளித் தொப்பியைக் காது மூடப் போட்டுக்கொண்டு ஒரு மாப்பிள்ளை நின்றான். கொறற்றி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"சுகமில்லையோ உங்களுக்கு?"

"காதுக்குள்ளை குளிர் பட்டிட்டுது."

"கனடா குளிர் எண்டு சொன்னவைதான்," என்றாள் கொறற்றி. "ஆனால் தலைக்கு மட்டும் குளிரும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவள் பஸ்ரியனின் தமக்கை அருள்நாயகி வீட்டில்தான் தங்கினாள். பஸ்ரியனும் அங்கேதான், வரவேற்பறைச் சோபாவில். தொப்பியோடு சாப்பிட்டான். தொப்பியோடு படுத்தான். அருள்நாயகிக்குச் சுவாமிகளின் விசயம் தெரியும். அவளும் முகத்துக்குக் களிம்பு வாங்கினவள்தான். ஆகவே வாய் திறக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து தாயின் அழைப்பு வந்தது. கொறற்றி நெடுநேரம் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று மட்டும் சொன்னாள். ரெலிபோனை வைத்துவிட்டு வந்து பஸ்ரியனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆசுப்பத்திரியிலை நாள் குடுத்து, அந்த நாளும் போயிட்டுதாம். காசு வரேல்லையாம். எங்கை காசு?"

பஸ்ரியன் வங்கி என்றான். காசு அனுப்பிவைக்கிற உண்டியல்காரன் ஊரில் இல்லை என்றான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு அந்தப் பார்வை கூடிப்போனது. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். பூசி வைத்த பித்தளைக் குடம் மாதிரித் தலை பளபளத்தது. சின்னம்மாவின் கண்ணூறிலிருந்து முளைப்புப் பூசை வரை எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

கொறற்றி அழுவாள் என்று நினைத்தான். அவள் சொன்னாள், "நீர் மொட்டை எண்டு எனக்குத் தெரியும்."

கோபத்தில் "நீங்கள்" "நீர்" ஆகிவிட்டதை அவன் கவனித்தான்.

"எப்பிடித் தெரியும்?"

"உம்மடை அக்கா முதல் கடிதத்திலையே எழுதினவ. தம்பிக்கு மயிர் இல்லை, குணம் தங்கம் எண்டு. மயிர் இல்லாதது உண்மை. தங்கம்தான் இப்ப காணேல்லை."

குசினியில் அருள்நாயகி சட்டியைத் தேவையில்லாமல் கிண்டினாள்.

"என்ரை அம்மாவின்ரை கண்ணை எடுத்து உம்மடை தலையிலை பூசியிருக்கிறீர்," என்றாள் கொறற்றி. சத்தம் போடவில்லை. "அந்தக் காசு கொழும்புக்குப் போகாமல் நான் கோயில்லை மோதிரம் மாத்தமாட்டன். மூண்டு மாதம் முடிஞ்சு இமிகிரேசன்காரன் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். குருட்டு அம்மாவோடை இருந்திட்டுப் போறன்."

"அந்த மனிசன் சும்மா இல்லை, கொறற்றி. என்ரை தலையிலை இருந்து இரத்தம் வந்தது. கண்ணாலை கண்டனான்."

"காயம் இல்லாமல் இரத்தமோ?"

பஸ்ரியன் தொப்பியை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டான்.

பதில் அடுத்த நாள் குளியலறையிலிருந்து வந்தது. அருள்நாயகியின் அலறலோடு வந்தது. தம்பியின் தலையணை உறையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தவள், வாளிக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றாள். உறையில் இருந்த மஞ்சள் கறை சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணூறு தலகாணிக்கும் வந்திட்டுது. சுவாமியைக் கூப்பிடு பஸ்ரி, வீட்டையும் துடைக்க வேணும்."

கொறற்றி எட்டிப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள், அருள்நாயகியின் கையிலிருந்த சவர்க்காரக் கட்டியைப் பார்த்தாள். பிறகு குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"மச்சாள், கறி பட்ட சேட்டுக்குச் சவர்க்காரம் போட்டால் என்ன நிறத்திலை வரும்?"

"சிவப்பாய் வரும். அது கறி."

"கறியிலை என்ன கிடக்கு?"

அருள்நாயகி வாயைத் திறந்தாள். மூடினாள். "மஞ்சள்," என்றாள்.

யுத்தத்தால் பொருட்கள் உள்ளே வராத காலத்து யாழ்ப்பாணத்தில் இருந்தவள் கொறற்றி. சவர்க்காரம் கிடைக்காமல், சாம்பல் கரைத்த தண்ணியில் உடுப்புத் தோய்த்தவள். அதிலும் கறிக்கறை இப்படித்தான் சிவந்தது. அங்கே அதை யாரும் கண்ணூறு என்று சொல்லவில்லை. தோய்க்கிற வேலையே போதும் போதுமென்று இருந்தது.

"நாளைக்கு நானும் சுவாமியைப் பார்க்க வாறன்," என்றாள். "வழியிலை ஒரு பூசணிக்காய் வாங்க வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்ற் நிறைந்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காகிதத் தட்டில் சோறும் பருப்புக்கறியும். சாப்பாடு இலவசம் என்பதில் சுவாமிகளுக்கு நல்ல பெயர். பஸ்ரியனின் முறை வந்ததும், கொறற்றி அவனுக்கு முன்னால் போய், நாற்காலியில் பூசணிக்காயை வைத்தாள்.

"சுவாமி, முதல் இதுக்குப் பாருங்கோ. இதுக்கும் பிறந்ததிலை இருந்து மயிர் இல்லை."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சுவாமிகள் சிரிக்கவில்லை. கொறற்றி அவருடைய மரக்கரண்டியை எடுத்துக் களிம்பைப் பூசணியில் பூசினாள். தீர்த்தத்தில் துணியை நனைத்துத் துடைத்தாள். தூக்கிக் காட்டினாள். இரத்தச் சிவப்பு.

"பூசணிக்காய்க்கு ஆர் கண்ணூறு வைச்சது?"

கூட்டம் அசைந்தது. அவ்வளவுதான், விசயம் முடிந்தது என்று பஸ்ரியன் நினைத்தான். கார்ப்பெற் கழுவின மனிதரை அவன் குறைவாக எடைபோட்டுவிட்டான். சுவாமிகள் மயிரை ஒரு தரம் உதறினார்.

"பிள்ளை, புதுவீட்டு வாசல்லை எங்கடை ஆக்கள் ஏன் பூசணிக்காய் கட்டுறவை? கண்ணூறை இழுக்கிற காய் அது. நீ கடையிலை இருந்து இஞ்சை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாய். வழி முழுக்க எத்தினை கண் பட்டிருக்கும்?"

"மெய்தானே," என்றார் மகேஸ்வரன். "மெய்தானே" என்று பேஸ்மென்ற் திருப்பிச் சொன்னது. யோகராணி பூசணிக்காயையும் கும்பிட்டாள்.

கொறற்றி மட்டும் அசையவில்லை. களிம்பு பட்டு மஞ்சளாகியிருந்த சுவாமிகளின் விரல்களைப் பார்த்தாள். செம்பைத் தூக்கினாள். அவர் கையை இழுப்பதற்குள் தீர்த்தத்தை அதன்மேல் ஊற்றினாள். விரல்கள் சிவந்தன.

"உங்களுக்கு ஆர் வைச்சது, சுவாமி?"

"உங்கள் எல்லாற்றை கண்ணூறையும் நான்தானே இந்தக் கையாலை வாங்கிறன்," என்றார் அவர். குரலில் கொஞ்சம் ஈரம்கூட வரவழைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு கிழவி, "பாவம், எங்களுக்காக எவ்வளவு கஷ்டப்படுறார்," என்று மூக்கைச் சிந்தினாள்.

இதுதான் நம்பிக்கையின் அழகு. எந்தப் பக்கத்தால் அடித்தாலும் சாமிக்கே பலன் போய்ச் சேரும்.

கொறற்றி சுற்றிப் பார்த்தாள். அவள் கண் மகேஸ்வரனின் வயிற்றில் போய் நின்றது. சுவாமிகளின் பருப்புக்கறியை ஆவலோடு சாப்பிட்டதில், வெள்ளைச் சேட்டில் ஒரு மஞ்சள் வட்டம்.

"அண்ணை, ஒருக்கால் எழும்பி நில்லுங்கோ."

"என்னை ஏன் பிள்ளை?"

"கறி பட்டிட்டுது. துடைச்சு விடுறன்."

அவர் எழும்பினார். அவள் செம்பில் மிஞ்சியிருந்த தீர்த்தத்தில் துணியை நனைத்து, அந்தக் கறையில் வைத்து அழுத்தினாள். வயிற்றின் நடுவில் ஒரு சிவப்புப் பூ விரிந்தது.

"உங்கடை சேட்டுக்கும் மொட்டையோ அண்ணை?"

பிறகு யோகராணி கதிரையை விட்டு மெல்ல எழும்பினாள். முகத்தில் மஞ்சள் களிம்பு காய்ந்து வெடித்திருந்தது.

"பொறுங்கோ," என்றாள். "உது கறிக்கறை. உந்தச் சிவப்பை நான் கிழமைக்குக் கிழமை என்ரை மனிசன்ரை சேட்டிலை தோய்ச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

"நானும்தான்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்கடை வீட்டிலை மேசைச்சீலை."

"என்ரை பிள்ளையின்ரை பள்ளிக்கூட உடுப்பு."

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழும்பினார்கள். வருசக்கணக்காக வாளிக்கு முன்னால் குந்தியிருந்து அந்தச் சிவப்பைப் பார்த்தவர்கள். வீட்டில் பார்த்தால் கறை. காசு கொடுத்துப் பார்த்தால் அற்புதம். பஸ்ரியன் குழாயடிக்குப் போய் வெறும் தண்ணியில் துணியை நனைத்து வந்து, தன் தலையைத் தானே துடைத்தான். துணி மஞ்சளாக வந்தது. மஞ்சள் மட்டும்தான்.

"பைப் தண்ணியெண்டால் கண்ணூறு வெளியிலை வராதோ, சுவாமி?" என்றான். முளைப்புப் பூசைக்குக் காசு கட்டியவனின் வாயிலிருந்து அது வந்ததால் கூடுதலாகக் குத்தியது.

யோகராணி செம்பின் அடியில் விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், வழுவழுத்தது. "சோடா," என்றாள். "உடுப்புத் தோய்க்கிற சோடா. சவர்க்காரம் மாதிரி இதுவும் மஞ்சளிலை பட்டால் சிவக்கும். என்ரை வேலையிடத்திலை தரை கழுவுறதும் இதுதான். மனிசா, நீ இன்னும் கார்ப்பெற் கழுவுறதை விடேல்லையே?"

சிவபாதம் படிக்கட்டைப் பார்த்தார். பேஸ்மென்ற்றுக்கு ஒரேயொரு படிக்கட்டு. அதில் இப்போது கீழிருந்து மேல்வரை, தொப்பி கழற்றிய மொட்டைகள் இருந்தன. யாரும் அவரை அடிக்கவில்லை. காசுப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். வந்தபோது நின்ற மாதிரியே, காசைத் திருப்பி வாங்கவும் சனம் ஒழுங்காக வரிசையில் நின்றது. வரிசையில் நிற்பதில் எங்களை யாரும் வெல்ல முடியாது. முழுத்தொகையும் எல்லாருக்கும் வரவில்லை. கொறற்றி முதலாவதாக நின்றதால் அவளுக்கு வந்தது.

அந்த நெரிசலில் யாரோ ஒருவன் சிவபாதத்தின் பின்னால் போய், தோளில் கிடந்த மயிரைப் பிடித்து இழுத்தான். பொய்மயிர் கழன்று வரும் என்று எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். கழன்று வரவில்லை. சிவபாதம் "ஐயோ" என்றார். அது அவருடைய சொந்த மயிர். அவருடைய அப்பனுக்கும் அப்படித்தான் இருந்ததாம்.

மகேஸ்வரன் காசை எண்ணுவதை நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம் திரும்ப வந்தது.

"அப்ப மயிர் உண்மை," என்றார். "அப்பிடியெண்டால் அந்த மனிசனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு."

கொறற்றி அவரை அனுதாபத்தோடு பார்த்தாள். "நெட்டை மனிசன் ஒருத்தன் எண்ணெய் வித்தால் வாங்கிப் பூசுவியளோ அண்ணை, வளருறதுக்கு?"

மகேஸ்வரன் அதை யோசித்துப் பார்த்தார். என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் உன்னியது மட்டும் தெரிந்தது.

காசு திங்கட்கிழமையே உண்டியலில் கொழும்புக்குப் போனது. கிழவிக்கு முதலில் ஒரு கண், பிறகு மற்றக் கண். இரண்டாவது கட்டு அவிழ்த்த செய்தி வந்த பிறகுதான் கொறற்றி பாதரிடம் போய் நாள் வைக்கச் சம்மதித்தாள். சட்டம் கொடுத்த மூன்று மாதத்தில் அப்போது மிச்சம் கொஞ்சம்தான். பஸ்ரியன் அந்த நாட்களில் வாயைத் திறக்காமல் வீட்டு உடுப்பு எல்லாவற்றையும் தோய்த்தான். யாரும் சொல்லவில்லை. தானாகவே தோய்த்தான். கலியாணத்தன்று அலங்காரக்காரி வந்து, மாப்பிள்ளையின் தலை வெளிச்சத்தில் மின்னுகிறது, கொஞ்சம் பவுடர் போடவா என்று கேட்டாள்.

"எவ்வளவு?" என்றாள் கொறற்றி.

அலங்காரக்காரி விலையைச் சொன்னாள்.

"மின்னட்டும்," என்றாள் கொறற்றி.

மாரி தொடங்க முன்னமே வானொலியில் புதுவிளம்பரம் வந்துவிட்டது. கிழக்கே அஜக்ஸ் என்ற ஊரில் ஒரு சுவாமிகள், பெயர் வேறு, குரல் மட்டும் பழக்கமான குரல். இந்த முறை வயிறு வற்றப் பண்ணுகிறாராம். தொப்புளில் ஒரு பசையைத் தடவித் துடைத்தால் உள்ளே இருக்கிற கொழுப்பு கறுப்பாக இறங்குகிறதாம். மகேஸ்வரன் பம்பர் மெசினுக்கு மேலால் தலையை நீட்டி, நானூற்றொன்று நெடுஞ்சாலையில் போனால் அஜக்ஸுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பஸ்ரியனிடம் கேட்டார்.

போங்கள் ஐயா, போங்கள் அம்மா. பெற்றோலும் உங்களுடையது, வயிறும் உங்களுடையது. ஆனால் காசை நீட்டுவதற்கு முன் அந்தப் பசையில் கொஞ்சம் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பழஞ்சேட்டில் பூசித் தோய்த்துப் பாருங்கள். அதற்கு மூளைகூடத் தேவையில்லை. ஒரு வாளி போதும்.